டிரெய்லரோடு இளமணலில்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நான்கு சக்கரங்களும் இழுக்கும் டிரக் தனியாகப் போகும்போது சிரமமின்றிக் கடந்துவிடும் மணல்வெளியில், அதே டிரக் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு போனால் நூறு அடிக்குள் நின்றுவிடக்கூடும். நின்றவுடன் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கிறார்கள். அதுவும் பலிக்காதபோது இறங்கி, டிரக்கின் சக்கரங்களைச் சுற்றி வருகிறார்கள். நான் கண்டவரையில் பிழை பெரும்பாலும் டிரக்கில் இருப்பதில்லை, பின்னால்தான் இருக்கிறது. ஆகவே கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் முதல் வேலை ஒன்றே: சக்கரம் வெறுமனே சுற்றத் தொடங்கிய கணமே காலை எடுத்துவிட்டு, இறங்கி, டிரெய்லரின் பின்பக்கம் வரை நடந்துபோய், மணலில் பதிந்திருக்கும் தடத்தைப் படிக்க வேண்டும்.

தடத்தைப் படிப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கு. தார்ச்சாலையில் டிரெய்லரை உருட்டிச் செல்ல அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இழுவிசையே போதும். பொலபொலத்த மணலிலோ அது நூற்றுக்கு இருபதையும் தாண்டிவிடும். 1,500 கிலோ டிரெய்லர் என்றால், சாலையில் 15 முதல் 30 கிலோ வரை இருந்த இழுவை மணலில் 300 கிலோவாகிறது. அதாவது, சமதரையில் போகும்போதே ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் இடைவிடாமல் ஏறிக்கொண்டிருப்பதற்குச் சமம். அந்தச் சுமை முழுவதையும் டிரக்கின் நான்கு டயர்கள் மணலைப் பற்றியே இழுத்தாக வேண்டும். டிரெய்லரின் சக்கரங்கள் உருளுமே தவிர உதவாது. இந்த 300 கிலோவை 200 ஆக்குவது எப்படி என்பதுதான் உண்மையான கேள்வி. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் கொண்டது என்பது அதற்குப் பிறகு வருவது.

அறிகுறி: சக்கரம் சுழலவில்லை, ஆனால் எஞ்சின் திணறி, வேகம் மெல்ல மெல்லக் குறைகிறது

முதலில் பார்க்க வேண்டியது டிரெய்லர் டயர்களின் காற்றழுத்தம். மணலில் இறங்குமுன் டிரக்கின் நான்கு டயர்களிலும் காற்றைக் குறைக்க நினைவு வைத்திருப்பவர்கள்கூட, பின்னால் இருக்கும் இரண்டையோ நான்கையோ சாலை அழுத்தத்திலேயே விட்டுவிடுவார்கள். இப்படி விட்டிருந்தால் தடமே சொல்லிவிடும்: டிரக்கின் தடம் அகன்றும் ஆழம் குறைந்தும் இருக்கும், அதற்கு நடுவே டிரெய்லரின் சக்கரம் கத்தியால் கீறியதுபோல் குறுகலான, ஆழமான இன்னொரு பள்ளத்தை வெட்டியிருக்கும். அந்தப் பள்ளத்தில் கையை விட்டால் உள்ளங்கை முழுவதும் மறைகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

காற்றைக் குறைப்பதால் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் எவ்வளவு குறைப்பது என்பதும் எளிதில் விளங்கும். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தமே. ஒரு சக்கரத்தில் 500 கிலோ இறங்குகிறது, உள்ளே 36 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று காற்றழுத்தத்தைச் சொல்லும் அலகு) இருக்கிறது என்றால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். 18 பிஎஸ்ஐ ஆக்கினால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். டயர் பக்கவாட்டில் பிதுங்குவதைப் பார்த்து, பரப்பு அகலத்தில் கூடுவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கூடுவது பெரும்பாலும் நீளத்தில்தான். நீண்ட அடிப்பாகம் மணலைத் தோண்டாமல் அதன்மேல் ஏறிப் படர்ந்து செல்கிறது.

சுமை ஏற்றிய டிரக்குக்கும் டிரெய்லருக்கும் 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை வைத்துத் தொடங்குவது நல்லது. அப்படியும் திணறினால், இருக்கும் அழுத்தத்திலிருந்து இரண்டிரண்டாகக் குறைத்து 15 அல்லது 16 வரை வரலாம். 12க்குக் கீழே இறங்குவது புதைந்த இடத்திலிருந்து வெளியே வருவதற்கான கடைசி வழி. வெளியே வந்ததும் உடனே ஏற்றிவிட வேண்டும், ஏனென்றால் அந்த அழுத்தத்தில் ஒரு கூர்மையான திருப்பம் போதும், டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் சில பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும் என்பதால், காலையில் குளிர்ந்த டயரில் பார்த்த எண்ணையும் நண்பகலில் பார்த்த எண்ணையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். காற்றைக் குறைத்தபின் வேகத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். தொய்ந்த டயர் வேகமாக ஓடினால் அதன் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும்.

அழுத்தம் சரியாக இருந்தும் திணறுகிறது என்றால், டிரெய்லரின் தடம் டிரக்கின் தடத்தின்மேல் விழுகிறதா என்று பாருங்கள். டிரெய்லரின் சக்கர இடைவெளி டிரக்கினுடையதற்கு ஒத்திருந்தால், முன்னால் போனவை அழுத்தி வைத்த மணலில் பின்னவை உருளும். ஒரு சாண் அளவு உள்ளே தள்ளியோ வெளியே தள்ளியோ இருந்தால், அவை ஒவ்வோர் அடியிலும் புதிய மணலைத் தாமே வெட்டிக்கொண்டு வர வேண்டும். இதை மணல்வெளியில் நின்றுகொண்டு சரிசெய்ய முடியாது. இப்படிப்பட்ட டிரெய்லருக்குக் கூடுதலாக இரண்டு பிஎஸ்ஐ குறைப்பதும், முடிந்தவரை சுமையை டிரக்குக்கு மாற்றுவதும்தான் கைவசம் உள்ள வழி. இரண்டு அச்சுகள் கொண்ட டிரெய்லர் நேராகப் போகும்போது நல்ல பிள்ளை. திருப்பத்தில் மட்டும் நான்கு டயர்களும் மணலைப் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கும். அதனால் அதற்கு அகன்ற வளைவாகவே இடம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதாகக் கியர். மணலுக்குள் நுழைந்தபின் லோ ரேஞ்சுக்கு (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் தொகுதிக்கு) மாற்றலாம் என்று இருப்பவர் ஏற்கெனவே பிழை செய்துவிட்டார், ஏனென்றால் பெரும்பாலான வண்டிகளில் அந்த மாற்றத்துக்காக நின்றாக வேண்டும். நிற்பதுதான் இங்கே தவிர்க்க வேண்டிய காரியம். கெட்டியான தரையில் இருக்கும்போதே லோ ரேஞ்சைப் போட்டு, இரண்டாவது கியரில் புறப்பட்டு, மூன்றாவதிலோ நான்காவதிலோ சீராகப் போவது நல்லது. கையால் கியர் மாற்றும் வண்டியில் கிளட்சை மிதித்த அந்த ஒரு நொடியிலேயே மணல் வேகத்தை விழுங்கிவிடும். ஆகவே ஒரே கியரில் முழுத் தொலைவையும் கடக்க முயல வேண்டும். தானியங்கி கியர் உள்ள வண்டியில் கைமுறைத் தேர்வில் கியரைப் பிடித்து வைத்தால், தேவையில்லாத நேரத்தில் அது மேலே மாறிச் சறுக்காது.

அறிகுறி: திடீரென்று நங்கூரம் போட்டதுபோல் டிரெய்லர் பின்னால் இழுக்கிறது

இங்கேதான் தடத்தைப் படிப்பதன் பயன் முழுமையாகத் தெரியும். உருளும் டயர் தன் பூவேலைப்பாட்டை மணலில் அச்சிட்டுக்கொண்டே வரும். காற்று அதிகம் இல்லாத நாளில் ஒவ்வொரு கட்டமும் பிஸ்கட்டில் பதித்த முத்திரைபோலத் தெளிவாக இருக்கும். உருளாமல் இழுபடும் டயரோ எந்த அச்சும் இல்லாத, வழவழப்பான வாய்க்காலை விட்டுச் செல்லும்; டயருக்கு முன்னால் மணல் குவிந்து நிற்கும். அப்படி ஒரு வாய்க்காலைக் கண்டால், பிரேக் பிடித்திருக்கிறது என்று பொருள்.

காரணங்கள் மூன்று. டிரெய்லரின் கைபிரேக் நெம்புகோலை இறக்க மறந்திருக்கலாம்; இது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது, டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிப்பதற்காக மாட்டியிருக்கும் மெல்லிய கம்பி, தடத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் மணல் வரப்பிலோ புதரிலோ சிக்கி, அதன் முள் சுவிட்சிலிருந்து உருவப்பட்டிருக்கலாம். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் டிரக்கின் நான்கு சக்கரங்களையும் இரண்டு முறை தோண்டி எடுத்திருந்தேன். முள்ளைத் திரும்பச் செருகியதும் டிரெய்லர் கையால் தள்ளினாலே அசையும் அளவுக்கு இலகுவாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கம்பியைச் சங்கிலியோடு சேர்த்து, தொங்காதபடி, ஆனால் திருப்பத்தில் இழுபடாத அளவு தளர்வுடன் மேலே வைத்திருக்கிறேன். மூன்றாவது, மின்சார பிரேக் உள்ள டிரெய்லரில், ஓட்டுபவர் அருகே இருக்கும் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வீரியத்தைச் சாலையில் இருந்த அளவிலேயே விட்டிருப்பது. மணலில் லேசாகப் பிரேக் தொட்டாலே டிரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, தமக்கு முன்னால் ஒரு மேட்டைக் கட்டிக்கொள்ளும். வீரியத்தை வெகுவாகக் குறைத்து வைப்பதோடு, நிற்க வேண்டியபோதும் பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்து உருண்டு நிற்கப் பழக வேண்டும். மணலே போதிய பிரேக்.

அறிகுறி: இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவே மூன்றாவது கோடு ஒன்று விழுகிறது

டிரெய்லரின் அடியில் ஏதோ ஒன்று உழுகிறது. பெரும்பாலும் அது முன்பக்கத்துத் தாங்குசக்கரம், அதாவது டிரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போது இழுதண்டைத் தாங்கும் சிறு சக்கரம். அதை மடித்து வைப்பது போதாது, கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். அடுத்து, மூலைகளில் உள்ள நிலைக்கால்கள், தண்ணீர்த் தொட்டியின் வடிகுழாய், கல்தடுப்புத் திரை ஆகியவற்றைப் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் கொக்கி தாழ்ந்து, இழுதண்டு முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது; டிரெய்லர் சமமாக நிற்கும்படி கொக்கியின் உயரத்தை மாற்ற வேண்டும்.

அறிகுறி: ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் டிரக் நேராகவே போகிறது

முன்சக்கரங்கள் திரும்பியிருந்தும் வண்டி திரும்பாமல், அவை கலப்பைபோல் மணலைத் தள்ளிக்கொண்டு போனால், முன்பக்கத்தில் எடை குறைந்திருக்கிறது. கொக்கியில் இறங்கும் எடை டிரக்கின் பின்அச்சுக்குப் பின்னால் விழுவதால், சீசா பலகைபோல் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்குவது பொதுவான அளவு. அதைவிட மிகுந்தால் மேற்சொன்ன கோளாறு. மிகக் குறைத்தால் சாலைக்குத் திரும்பியபின் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், அது இதைவிட ஆபத்தானது. எனவே கனமானவற்றை டிரெய்லரின் அச்சுக்கு நேர்மேலே வைத்து, முன்மூக்கில் அடைத்து வைத்திருக்கும் கருவிப்பெட்டி, எரிபொருள் கேன் போன்றவற்றைப் பின்னுக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும்.

ஓட்டும்போதே இந்த அறிகுறி தெரிந்தால், ஸ்டீயரிங்கை மேலும் திருப்புவதுதான் இயல்பாக வரும் எதிர்வினை. அது நேர்மாறான விளைவையே தரும், ஏனென்றால் குறுக்காக நிற்கும் முன்சக்கரம் பிரேக் பிடித்ததற்குச் சமம். கொஞ்சம் நேராக்கி, ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்தி, முன்டயர்கள் மீண்டும் பிடி கொண்டபின் சிறுகச் சிறுகத் திருப்ப வேண்டும். ஆழ்ந்த பழைய தடத்துக்குள் ஓடும்போது ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்துபோகும். அதை அவ்வப்போது பார்த்து நேராக வைத்துக்கொள்ளாவிட்டால், தடம் முடியும் இடத்தில் டிரக் எதிர்பாராமல் ஒரு பக்கமாகத் துள்ளும்.

அறிகுறி: சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை

சுழல்வது எவை என்று வெளியே நிற்கும் ஒருவர் தள்ளி நின்று பார்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. பின்சக்கரங்கள் மட்டும் சுழன்றால் முன்அச்சு இணையவே இல்லை: லோ ரேஞ்ச் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கலாம், அல்லது கையால் திருகும் ஹப் (முன்சக்கரத்தை அச்சோடு பூட்டும் நடுப்பகுதி) உள்ள பழைய டிரக்கில் ஹப்பைப் பூட்ட மறந்திருக்கலாம். எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடும் வண்டியானால், முன்அச்சையும் பின்அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பான நடு டிஃபரென்ஷியலைப் பூட்டியாயிற்றா என்று பாருங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூலைக்கு மூலை சுழன்றால், ஒவ்வோர் அச்சிலும் இடது, வலது சக்கரங்களுக்கிடையே உள்ள டிஃபரென்ஷியல்கள் திறந்த நிலையில் தம் இயல்பைத்தான் காட்டுகின்றன. பின்அச்சின் பூட்டைப் போடலாம். முன்அச்சின் பூட்டை நேராகப் போகும்போது மட்டுமே போட வேண்டும், அது ஸ்டீயரிங்கைக் கட்டிவிடும்.

எல்லாம் சரியாக இணைந்திருந்தும் சுழல்கிறது என்றால், இழுவை பிடியை மிஞ்சிவிட்டது. ஒவ்வொரு சுற்றும் டயரைக் கீழே இறக்குகிறதே தவிர முன்னே கொண்டுபோவதில்லை. இங்கே செய்ய வேண்டியது, தான் வந்த தடத்திலேயே சில மீட்டர் நேராகப் பின்வாங்கி, அழுந்திக் கெட்டிப்பட்ட அந்த மணலிலிருந்து மீண்டும் புறப்படுவது. தனி டிரக்குக்கு இது எளிது. டிரெய்லரோடு பின்வாங்கும்போது அது மடங்கத் தொடங்குமுன் நிறுத்திவிட வேண்டும், ஆகவே இரண்டு மூன்று மீட்டருக்குமேல் ஆசைப்படக் கூடாது. அந்த இரண்டு மீட்டருக்குள் கிடைக்கும் வேகம் பெரும்பாலும் போதுமானது. ஒருமுறை செய்து பார்த்து, முன்னைவிட ஓர் அடிகூடக் கூடுதலாகப் போகவில்லை என்றால் மூன்றாவது முயற்சி வேண்டாம், மண்வெட்டியை எடுங்கள்.

அறிகுறி: பின்வாங்கவே முடியவில்லை

முன்னோக்கி உருண்டு வந்த டிரெய்லர் பின்னோக்கி அசைய மறுத்தால், அது டிரக் தள்ளும்போது தானாகப் பிரேக் பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. டிரக் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்வந்து கொக்கியை அமுக்குவதால் பிரேக் விழும் அமைப்பு அது. பின்வாங்கும்போதும் கொக்கி அமுங்குவதால், அது வேறுபாடு அறியாமல் பிரேக்கைப் போட்டுவிடுகிறது. சாலையில் பின்வாங்கும்போது அமுக்கம் குறைவாக இருப்பதால் இது தெரியாமலே போகும். மணலின் எதிர்ப்பு சேரும்போது பிரேக் முழுமையாகப் பிடித்துவிடும். கொக்கியின்மேல் இருக்கும் சிறு தாழ்ப்பாளைப் போட்டு அந்த அசைவைத் தடுத்தால் போதும். கொக்கி ஏற்கெனவே அமுங்கியிருந்தால் தாழ்ப்பாள் விழாது. டிரக்கை ஓரங்குலம் முன்னே அசைத்துவிட்டுப் போட வேண்டும். வெளியே வந்தபின் அதை மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லையேல் சாலையில் பிரேக் இல்லாத டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவீர்கள்.

அறிகுறி: ஆக்சிலரேட்டரை அழுத்தியும் எஞ்சின் தானாகவே அடங்குகிறது

இது எஞ்சின் கோளாறு அல்ல. சறுக்கல் தடுப்பு அமைப்பு தன் கடமையைச் செய்கிறது. சக்கரம் சுழல்வதைக் கண்டதும் அது எஞ்சினின் வீரியத்தைக் குறைக்கிறது; ஈரச் சாலையில் உயிர் காக்கும் இந்தச் செயல், உந்துவேகம் ஒன்றே துணையாக இருக்கும் மணலில் வண்டியை நிறுத்திவிடும். மணலில் இறங்குமுன் அதற்கான பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து முழுவதுமாக அணைக்க வேண்டும். பல வண்டிகளில் ஒருமுறை தொட்டால் பாதிதான் அணையும். எஞ்சினை நிறுத்தி மீண்டும் முடுக்கினால் அது தானாகத் திரும்பிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மணலுக்கென்று தனி ஓட்டுமுறை உள்ள வண்டியானால் அதையே தேர்ந்தெடுத்துவிடலாம்.

அறிகுறி: ஏற்றத்தில் டிரக் தடதடவென்று குதிக்கிறது

உடனே காலை எடுங்கள். இந்தக் குதிப்பில் டயர் ஒவ்வொரு முறையும் அந்தரத்தில் வேகம் பிடித்து, தரையில் விழும்போது திடீரென்று நிற்கிறது. அந்த அதிர்ச்சி முழுவதையும் அச்சின் இணைப்புகள் வாங்கிக்கொள்கின்றன. முன்அச்சின் இணைப்பு உடைவது பெரும்பாலும் இப்படித்தான். காரணம் அநேகமாக டயரில் காற்று மிகுதி, அல்லது அடியில் அடக்க வேண்டிய ஏற்றத்தை நடுவில் ஆக்சிலரேட்டரால் அடக்கப் பார்ப்பது. கீழே இறங்கி, காற்றை இன்னும் இரண்டு பிஎஸ்ஐ குறைத்து, வேகத்தை அடிவாரத்திலேயே சேர்த்துக்கொண்டு, பாதியில் கூட்டாமல் ஏறுங்கள்.

அறிகுறி: மணல்மேட்டின் உச்சியை எட்டும் நேரத்தில் நின்றுவிடுகிறது

தனி டிரக்கை ஓட்டிப் பழகியவர், உச்சி தெரிந்ததும் காலை எடுத்துவிடுவார்; அது சரியான பழக்கம்தான். டிரெய்லர் உள்ளபோது டிரக்கின் மூக்கு உச்சியைத் தாண்டினாலும் பின்னால் சுமை இன்னும் சரிவிலேயே ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் காலை எடுத்தால், டிரக்கின் அடிவயிறு உச்சியில் அமர்ந்துவிடும். நான்கு சக்கரங்களும் எடையின்றித் தொங்கும். டிரெய்லரின் அச்சு உச்சியைக் கடக்கும்வரை மிதமான விசையைத் தொடர வேண்டும். அதற்காக அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பாயக் கூடாது. முதலில் நடந்து ஏறிப் பார்த்துவிட்டு வருவது ஐந்து நிமிட வேலை.

ஏற்றத்தில் நின்றுவிட்டால் திருப்ப முயலவே கூடாது. சரிவில் குறுக்காக நிற்கும் டிரெய்லர் உருண்டு, டிரக்கையும் இழுத்துக்கொண்டு போகும். ரிவர்ஸ் கியரில், எஞ்சினின் பிடியில், நேராகப் பின்னோக்கி இறங்குவது ஒன்றே வழி. இறக்கத்தில் முன்னோக்கிப் போகும்போது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி டிரக்கைக் குறுக்காகத் திருப்பத் தொடங்கினால், பிரேக்கை மிதிக்காமல், சிறிது ஆக்சிலரேட்டர் கொடுத்து டிரக்கை முன்னே இழுத்து நேராக்க வேண்டும். மின்சார பிரேக் இருந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டியின் கைநெம்புகோலால் டிரெய்லரை மட்டும் லேசாகப் பிடித்தால் மொத்த வண்டியும் கயிறு இழுத்ததுபோல் நேராகும்.

அறிகுறி: வெப்பமானி ஏறுகிறது, அல்லது கியர்பெட்டி எச்சரிக்கை எரிகிறது

மெதுவான வேகம், பெரும் சுமை, பின்னாலிருந்து வீசும் காற்று ஆகிய மூன்றும் சேரும்போது இது தவிர்க்க முடியாதது. தானியங்கி கியர்பெட்டியில் எண்ணெயின் வெப்பம் 120 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நிறுத்துவது நல்லது. ஹை ரேஞ்சில் இழுத்துக்கொண்டிருந்ததே பெரும்பாலும் அதன் காரணம். கெட்டியான, சற்று இறக்கமான இடமாகப் பார்த்து, முடிந்தால் காற்று முன்னாலிருந்து வண்டியின் முகப்பில் படும்படி நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, எஞ்சினை அணைக்காமல் சாதாரணச் சுழற்சியைவிடச் சற்றே கூடுதலாக ஓடவிடுங்கள். எண்ணெயைக் குளிர்விக்கும் சுற்றோட்டம் எஞ்சின் ஓடினால்தான் நடக்கும். உலர்ந்த புல்லின்மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். சூடான புகைக்குழாயில் பட்ட புல் தீப்பிடித்து வண்டியே போன கதைகள் உண்மையானவை.

அறிகுறி: டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது

அகன்ற பலகை ஒன்றை அடியில் போட்டு அதன்மேல் ஜாக்கியை வையுங்கள். பலகை இல்லாத ஜாக்கி வண்டியைத் தூக்காமல் தானே மணலுக்குள் இறங்கும். டயருக்கும் ரிம்முக்கும் இடையே புகுந்த மணலை ஒரு துகள் விடாமல் துடைத்துத் தண்ணீரால் கழுவ வேண்டும், ஏனென்றால் ஒரு சிட்டிகை மணல் போதும், காற்று நிற்காது. வால்வின் உள்ஊசியைக் கழற்றிவிட்டால் கம்ப்ரசரின் காற்று தடையின்றி வேகமாகப் பாயும். டயரைச் சுற்றி இறுக்குப்பட்டையைக் கட்டி இறுக்கினால் விளிம்புகள் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொடும். எரியும் வாயுவைப் பீய்ச்சித் தீ வைத்து ஏற்றும் வித்தையைச் செய்து காட்டுபவர்களை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அச்சுவரை புதைந்துவிட்டது

எதையும் இழுக்குமுன் தோண்டுங்கள். டிரக்கின் அச்சு, டிஃபரென்ஷியலின் உருண்டை, அடிச்சட்டம் ஆகியவற்றின் கீழே இருக்கும் மணலை முதலில் அகற்ற வேண்டும். வண்டி மணலில் உட்கார்ந்திருக்கும்வரை சக்கரங்களுக்கு எடை கிடைக்காது. பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால், ஒரு டயர் உயர நீளத்துக்குச் சாய்தளம் வெட்டுங்கள். டிரெய்லரின் சக்கரங்களையும் சேர்த்தே சொல்கிறேன், அவற்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஏறுபலகைகள் இருந்தால் பற்கள் டயரின் அடியில் நன்றாகச் செருகும்படி வைத்து, சுழற்றாமல் மெதுவாக ஏற வேண்டும். சுழன்றால் பலகையின் பற்கள் உருகிவிடும்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் கழற்றுங்கள். டிரெய்லரின் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கொடுத்து, தாங்குசக்கரத்தின் அடியில் அகன்ற பலகை வைத்து, மின்இணைப்பை எடுத்தபின், சங்கிலிகளைக் கடைசியாகக் கழற்ற வேண்டும். இழுதண்டின் கீழே காலையோ கையையோ எந்த நேரத்திலும் வைக்கக் கூடாது. சுமை நீங்கிய டிரக் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். அது கெட்டித்தரையை அடைந்தபின் நீண்ட கயிற்றாலோ வின்சாலோ (கம்பிவடத்தைச் சுருட்டி இழுக்கும் பொறியாலோ) டிரெய்லரை நேர்முன்னால் நின்று மெதுவாக இழுங்கள். தாங்குசக்கரம் மணலில் குத்திக்கொள்ளும் என்பதால், அதை மேலேற்றிவிட்டு இழுதண்டின் கீழ் ஏறுபலகை ஒன்றைக் கட்டினால் சறுக்குவண்டிபோல் வரும்.

நீளும் தன்மையுள்ள பட்டையால் வெடுக்கென்று இழுக்கும் முறை டிரெய்லருக்கு ஆகாது. இழுதண்டு அந்த உலுக்கலுக்காகச் செய்யப்பட்டதல்ல. டிரக்கை இன்னொரு வண்டி இழுக்கும்போதும், கொக்கியின் உருண்டையில் பட்டையை மாட்டவே கூடாது. உருண்டை உடைந்து பீரங்கிக் குண்டுபோல் பறந்து உள்ளே இருந்தவரைக் கொன்ற நிகழ்வுகள் உண்டு. அதற்கென்று தாங்குதிறன் குறிக்கப்பட்ட மாட்டுமிடத்தில் மட்டுமே மாட்டி, பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குத் தொலைவுக்கு அப்பால் மற்றவர்களை நிறுத்திய பிறகே இழுக்க வேண்டும்.

வெளியே வந்த உடனே செய்ய வேண்டியவை

சாலையைத் தொடுமுன் எல்லா டயர்களிலும் காற்றை ஏற்றுங்கள், நடு டிஃபரென்ஷியலையும் லோ ரேஞ்சையும் விடுவியுங்கள், சறுக்கல் தடுப்பைத் திரும்பப் போடுங்கள், பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வீரியத்தை முன்பிருந்த அளவுக்கு ஏற்றுங்கள், பின்வாங்கும் தாழ்ப்பாளை எடுத்தாயிற்றா என்று இன்னொரு முறை பாருங்கள். பத்து கிலோமீட்டர் போனபின் நின்று, டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், பேரிங்குக்குள் மணல் போயிருக்கிறது, அல்லது பிரேக் இன்னும் முழுமையாக விடவில்லை. ஜாக்கியால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் எது என்று தெரிந்துவிடும்: கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங், சத்தமின்றி இறுக்கமாகச் சுற்றினால் பிரேக்.